‘தேற்றம் தப்பு’ என்று பேராசிரியரிடமே போய்ச் சொல்லிவிட்டேன். இனி இவர்களிடம் எப்படிப் பேசுவது?

கேஸ்கட்காரன் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். மேல்விசாரம் பக்கம் ஒரு சின்னப் பட்டறையில் வேலை பார்க்கிறேன். ரப்பர் ஷீட்டில் கேஸ்கட், தோலில் பம்ப் வாஷர் வெட்டுவது தொழில். படிப்பு பத்தாவதோடு நின்றுவிட்டது, ஆனால் கணக்கு மட்டும் என்னை விடவில்லை. ராத்திரி ஷிஃப்ட் முடிந்து வந்து போனில் வீடியோ பார்ப்பேன், வேலூரில் பழைய புத்தகக் கடையில் வாங்கிய பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகங்களைப் போட்டு உருட்டிக்கொண்டிருப்பேன். சொல்லிக்கொடுக்க ஆள் கிடையாது.

விஷயம் இதுதான். ஷீட்டில் வட்டம் வெட்டும்போது டையை, அதாவது வெட்டுகிற அச்சை, இரண்டு மாதிரி வைக்கலாம். ஒன்று நேர் வரிசை, அதாவது கேரம் போர்டு காயைச் சதுரமாக அடுக்குகிற மாதிரி, ஒன்றுக்கு மேல் ஒன்று. இன்னொன்றைச் செங்கல் வரிசை என்போம், அடுத்த வரிசை அரை வட்டம் தள்ளி, இரண்டு வட்டத்துக்கு நடுவில் இருக்கிற பள்ளத்தில் உட்காரும். செங்கல் வரிசையில் வேஸ்ட் கம்மி என்று முதலாளி முதல் நாளே சொல்லிக்கொடுத்தார். போன மாதம் ஒரு வீடியோவில் இதற்கு ஒரு தேற்றமே இருக்கிறது, இதைவிட நெருக்கமாக வட்டங்களை அடுக்கவே முடியாது என்று சொன்னார்கள். சந்தோஷமாக இருந்தது. அப்புறம் ஒரு நாள் 40 செ.மீ.க்கு 40 செ.மீ. கட்பீஸ் ஒன்று கையில் கிடைத்தது. 10 செ.மீ. டை. நேர் வரிசையில் 16 வந்தது. செங்கல் வரிசையில் 4, 3, 4, 3 என்று 14தான் வந்தது. நான்கு தடவை வைத்துப் பார்த்துவிட்டேன்.

தேற்றம் தப்பு என்று எனக்கு உறுதியாகிவிட்டது. மூன்று பக்கம் எழுதி, வேலூரில் ஒரு கல்லூரியில் கணக்குப் பேராசிரியர் ஒருவரைத் தேடிப் போய்க் கொடுத்தேன். இரண்டு நிமிஷம் புரட்டினார். “இது ட்ரிவியல். தேற்றம் இன்ஃபினிட் பிளேனுக்கு. நீங்க பவுண்டரியைப் பார்க்கவே இல்லை” என்றார். வகுப்புக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டார். திட்டவில்லை, மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் முகம் எரிந்தது. சென்னையில் இன்னொருவருக்கு மெயில் போட்டேன், அதற்குப் பதிலே இல்லை.

எனக்கு இரண்டு கேள்வி. நான் எண்ணியது தப்பா? 16-க்கும் 14-க்கும் கூடவா எண்ணத் தெரியாது எனக்கு? இரண்டாவது, இவர்களிடம் எப்படித்தான் பேசுவது? ராமானுஜன் ஒரு லெட்டர் போட்டார், கேம்பிரிட்ஜ் கணக்குப் பேராசிரியர் ஹார்டி பதில் போட்டார் என்றுதானே படித்தோம்.

---

ஓட்டேரி தென்றல் எழுதியது:

அண்ணா விடுங்க. படிச்சவங்களுக்கு எப்பவுமே ஒரு கெத்து. எண்ணிக்கை கண் முன்னாடி இருக்கு, 16 தான் பெருசு. தேற்றம் தப்புன்னா தப்புதான். யூடியூப்ல போடுங்க, வைரல் ஆகும் 😀

---

குடியாத்தம் வாத்தியார் (ஓய்வு) எழுதியது:

தென்றல் தம்பி, அவரைக் கிணற்றில் தள்ளாதே.

கேஸ்கட்காரரே, நீங்கள் எண்ணியது சரி. தேற்றமும் சரி. இரண்டும் சரியாக இருக்க முடியும் என்பதுதான் நீங்கள் அன்றைக்கு பஸ் ஸ்டாண்டில் யோசித்திருக்க வேண்டியது.

பத்தாம் வகுப்பில் வடிவியல் தேற்றம் எப்படி எழுத வைத்தோம், ஞாபகம் இருக்கிறதா? முதலில் தரவு, அப்புறம் நிரூபிக்க வேண்டியது, அமைப்பு, நிரூபணம். பிள்ளைகள் எல்லோரும் ‘தரவு’ வரியைச் சடங்குக்கு எழுதிவிட்டு நிரூபணத்துக்குத் தாவுவார்கள், நானும் அதற்கு அரை மார்க்தான் போட்டிருக்கிறேன். வாழ்க்கையில் செய்த தவறுகளில் அதுவும் ஒன்று. நீங்கள் பார்த்த தேற்றத்தின் தரவு வரியில் ‘எல்லையே இல்லாத தளம்’ என்று இருக்கிறது. வீடியோக்காரர் அதை விட்டிருப்பார், அல்லது வேகமாகச் சொல்லியிருப்பார். உங்கள் கட்பீஸுக்கு நான்கு ஓரம் உண்டு. ஆகவே உங்கள் கட்பீஸிலும் செங்கல் வரிசைதான் ஜெயிக்கும் என்று அந்தத் தேற்றம் சொல்லவே இல்லை. சொல்லாததை எப்படித் தப்பு என்பீர்கள்?

ராமானுஜன் பேச்சை எடுத்ததால் சொல்கிறேன். ஒரு லெட்டர், ஒரு பதில், கப்பல் என்று நாம் கதையைச் சுருக்கிவிட்டோம். 1910-ல் அவர் நோட்டுப் புத்தகங்களைத் தூக்கிக்கொண்டு போனது நம் பக்கத்துத் தென்னார்க்காடு திருக்கோயிலூருக்கு. அங்கே டெபுடி கலெக்டராக இருந்த ராமசுவாமி ஐயர்தான் இந்தியக் கணிதக் கழகத்தை ஆரம்பித்தவர். அவர் பார்த்துவிட்டுச் சென்னையில் இருந்த கணக்குக்காரர்களுக்கு அறிமுகக் கடிதம் கொடுத்தார். 1911-ல் ராமானுஜனின் முதல் கட்டுரை அந்தக் கழகத்தின் இதழில் வந்தது, ஆனால் சும்மா வரவில்லை; புரியவில்லை, தெளிவாக எழுது என்று இதழாசிரியர் பலமுறை திருப்பி அனுப்பிய பிறகு வந்தது. அடுத்த வருஷம் லண்டன் பேராசிரியர் ஹில்லுக்கு அவர் கணக்குகள் போயின. விரிகிற தொடர்களில் (கூட்டக்கூட ஒரு எண்ணில் போய் நிற்காதவை) சறுக்குகிறார், முதலில் இன்ன புத்தகத்தைப் படிக்கட்டும் என்று பதில் வந்தது. 1913 ஜனவரி 16-ல் ஹார்டிக்கு எழுதியது இதெல்லாம் நடந்த பிறகுதான். அதிலும் பகா எண்களைப் பற்றி அவர் சொன்ன ஒரு முடிவு தப்பு, ஹார்டி அதைச் சொன்னார், நிரூபணம் எங்கே என்றும் விடாமல் கேட்டார். பிப்ரவரியில் எழுதிய இரண்டாவது கடிதத்தில் ராமானுஜன், 1+2+3+4 என்று முடிவில்லாமல் கூட்டினால் கழித்தல் 12-ல் ஒன்று (−1/12) வரும் என்று நான் நேராகச் சொன்னால் நீங்கள் எனக்குப் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு வழி காட்டுவீர்கள் என்று அவரே கிண்டலாக எழுதுகிறார். தன் பேச்சு எதிராளி காதில் எப்படி விழும் என்று அதற்குள் அவருக்குத் தெரிந்துவிட்டது, பாருங்கள்.

நீங்கள் முதல் கடிதத்திலேயே பதில் எதிர்பார்க்கிறீர்கள். மூன்று பக்கம் வேறு.

---

காட்பாடி பாசஞ்சர் எழுதியது:

நான் காட்பாடிக்காரன்தான், இப்போது சென்னையில் கணித ஆராய்ச்சியில் இருக்கிறேன். அந்த மெயில் எனக்கு வந்தது இல்லை, ஆனால் அந்த மாதிரி மெயில்கள் வரும். தலைப்பில் ‘தேற்றம் தவறு’ என்று இருந்தால் திறக்கிறவர்கள் குறைவு, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அகங்காரம் எல்லாம் இல்லை. தவறைக் கண்டுபிடித்துச் சொல்ல அரை நாள் ஆகும், சொன்னால் திரும்ப நான்கு பக்கத்தில் சண்டை வரும், அந்த அனுபவம்தான்.

முதலில் கணக்கைப் பேசலாம். செங்கல் வரிசையில் ஒன்றையொன்று தொடுகிற மூன்று வட்டங்களை எடுத்து அவற்றின் மையங்களைச் சேருங்கள். பக்கம் 10 செ.மீ. உள்ள சமபக்க முக்கோணம், பரப்பு 43.30 சதுர செ.மீ. அதற்குள் ஒவ்வொரு வட்டத்திலும் ஆறில் ஒரு பங்கு இருக்கிறது, மூன்று சேர்த்தால் அரை வட்டம், 39.27. வகுத்தால் 0.9069, கிட்டத்தட்ட 90.7 சதவீதம். நேர் வரிசையில் இதே மாதிரி சதுரம் போட்டால் 78.5 சதவீதம்தான். செங்கல் வரிசையில் தளம் முழுக்க இப்படிப்பட்ட முக்கோணங்கள்தான், அதனால் மொத்தத்துக்கும் 90.7. ஒரே அளவு வட்டங்களை எப்படி அடுக்கினாலும் இதை மிஞ்ச முடியாது என்பதுதான் தேற்றம். சும்மா கிடைத்ததும் இல்லை. நார்வேக்காரர் ஆக்செல் தூ 1890-களிலும் 1910-லும் நிரூபணம் கொடுத்தார், அதில் ஓட்டை இருக்கிறது என்று பின்னால் வந்தவர்கள் சொன்னார்கள், 1940-களில் ஹங்கேரியின் ஃபேயஸ் டோத் என்பவர்தான் குறையில்லாமல் முடித்தார்.

உங்கள் கட்பீஸில் என்ன ஆகிறது? ஒன்றுவிட்டு ஒரு வரிசையில் இரண்டு ஓரத்திலும் 5 செ.மீ. வீணாகிறது, அந்த வரிசைக்கு ஒரு வட்டம் போச்சு. மேலே நான்கு வரிசைக்கு 36 செ.மீ. போதும், மிச்சம் 4 செ.மீ.யில் ஐந்தாவது வரிசை ஏறாது. ஷீட் பெரிதானால் இந்த ஓர நஷ்டம் பக்கத்தின் நீளத்துக்குத் தகுந்த மாதிரிதான் வளரும், பரப்போ பக்கத்தின் வர்க்கமாக வளரும். ஆகவே போகப்போக ஓரம் சில்லறையாகிவிடும். 10 மீட்டர் சதுரத்தில் நேர் வரிசை 10,000 வட்டம், செங்கல் வரிசை 11,443. அது 89.9 சதவீதம். 90.7-ஐ நோக்கிப் போகிறது, தொடாது. பேராசிரியர் ‘பவுண்டரி’ என்று ஒரே வார்த்தையில் சொன்னது இவ்வளவும்தான்.

‘ட்ரிவியல்’ என்பது வசவு இல்லை. எங்கள் ஆட்கள் ‘இதற்குப் புதிதாக ஒரு யோசனை தேவைப்படாது, உட்கார்ந்து எழுதினால் வந்துவிடும்’ என்பதற்கு அப்படிச் சொல்வார்கள், தங்கள் சொந்த வேலையைப் பற்றியும் சொல்லிக்கொள்வார்கள்.

நிரூபித்த பிறகும் நிபுணர்களிடையே பேச்சு சுலபம் என்று நினைத்துவிடாதீர்கள். நேதாஜி மார்க்கெட்டில் சாத்துக்குடியைக் கோபுரமாக அடுக்கி வைத்திருப்பார்களே, அதைவிட நெருக்கமாக ஒரே அளவு உருண்டைகளை அடுக்க முடியாது என்று கெப்லர் 1611-ல் சொன்னார். தாமஸ் ஹேல்ஸ் 1998-ல் நிரூபித்தேன் என்றார். பன்னிரண்டு பேர் கொண்ட குழு வருஷக்கணக்கில் சரிபார்த்துவிட்டு, 99 சதவீதம் நம்புகிறோம், முழுசாக உறுதி சொல்ல முடியவில்லை என்று கையை விரித்தது. அந்த மனுஷன் கோபித்துக்கொண்டு யூடியூப் போகவில்லை (தென்றல் கவனிக்க). ஒவ்வொரு படியையும் கம்ப்யூட்டர் சரிபார்க்கும்படி ஒரு குழுவோடு திரும்ப எழுதி 2014-ல் முடித்தார்.

உங்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். 40-ல் நேர் வரிசை ஜெயிக்கிறது, 1000-ல் செங்கல் வரிசை. நடுவில் எங்கே மாறுகிறது? கண்டுபிடித்து எழுதுங்கள். ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம்.

---

ஆரணி நூல்காரி எழுதியது:

காட்பாடி சார் கணக்கு நன்றாகச் சொன்னீர்கள், ஆனால் ‘ட்ரிவியல் வசவு இல்லை’ என்பதை நான் அவ்வளவு சுலபமாக ஒப்புக்கொள்ள மாட்டேன். உங்கள் ஆட்களுக்குள் அது வசவு இல்லை. வெளியிலிருந்து வருகிறவனுக்கு அது கதவைச் சாத்துகிற சத்தம். நான் தொலைதூரக் கல்வியில் எம்.எஸ்சி. கணிதம் படித்தேன். முதல் காண்டாக்ட் கிளாஸில் கை தூக்கிக் கேட்டதற்கு ‘ஆப்வியஸ்’ என்று பதில் வந்தது, அப்புறம் ஆறு மாதம் கையே தூக்கவில்லை. கேட்டவளுக்குத் தெரியாததால்தானே கேட்டாள்.

அண்ணா, எனக்குப் பின்னால் உதவியது என்னவென்றால், யாராவது ‘ஆப்வியஸ்’ என்றால் முகம் சுண்டாமல், “சார், இந்த வரியிலிருந்து அடுத்த வரிக்கு எப்படிப் போறீங்க, அங்கதான் எனக்கு விட்டுப்போச்சு” என்று விரலை வைத்துக் காட்டிக் கேட்பேன். ‘புரியலை சார்’ என்றால் அவர்கள் முதலிலிருந்து அதையே திரும்பச் சொல்வார்கள். வரியைக் காட்டினால் நின்று பதில் சொல்வார்கள். சில பேருக்கு அந்த இடத்தில் அவர்களுக்கே விட்டுப்போயிருக்கும், அது தனி சுகம்.

இன்னொன்று, ‘கண்டுபிடித்தேன்’ என்று எழுதாதீர்கள், ‘பார்த்தேன்’ என்று எழுதுங்கள். 16, 14 என்பது நீங்கள் பார்த்தது. அதை யாராலும் மறுக்க முடியாது.

---

கேஸ்கட்காரன் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. பதில் எழுத ஒன்பது நாள் ஆகிவிட்டது, வேலை நெருக்கடி. ஞாயிற்றுக்கிழமை மட்டும் உட்கார்ந்தேன்.

வாத்தியார் ஐயா சொன்ன மாதிரியே எழுதுகிறேன்.

தரவு: வட்டத்தின் விட்டம் 10 செ.மீ. ஷீட் சதுரம், பக்கம் 10-ன் மடங்கு, அதாவது 10 × ந. வட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறக்கூடாது. நேர் வரிசை, செங்கல் வரிசை இரண்டை மட்டும் ஒப்பிடுகிறேன்.

பார்த்தது: 40-ல் நேர் 16, செங்கல் 14. 50-ல் 25, 23. 60-ல் 36, 33. 70-ல் 49, 46. 80-ல் 64, 68! 90-ல் 81, 85. 100-ல் 100, 105.

நிரூபிக்க வேண்டியது: ‘ந’ 8 அல்லது அதற்கு மேல் என்றால் எப்போதும் செங்கல் வரிசைதான் அதிகம்.

நிரூபணம்: செங்கல் வரிசையில் ஒவ்வொரு வரிசையும் முந்தியதைவிட 8.66 செ.மீ. (காட்பாடி சார் சொன்ன சமபக்க முக்கோணத்தின் உயரம்) மேலே போகிறது. நேர் வரிசையில் ந வரிசை. செங்கலில் ஒரு வரிசை கூடுதலாக, அதாவது ந+1 வரிசை ஏற வேண்டும் என்றால் உயரம் 10 + 8.66 × ந வேண்டும். அது 10 × ந-க்குள் அடங்க வேண்டும். அப்படியானால் 1.34 × ந குறைந்தது 10 இருக்க வேண்டும், ந குறைந்தது 7.46. முழு எண் என்பதால் 8. சரி, ந+1 வரிசை ஏறிவிட்டது. கூடுதல் வரிசையால் ந வட்டம் லாபம். நஷ்டம், ஒன்றுவிட்டு ஒரு வரிசைக்கு ஒரு வட்டம், அதாவது ந+1-ல் பாதிக்கு மேல் போகாது. ந-ஐவிட அது சின்னது. ஆகவே லாபம்தான்.

எழுதி முடித்தபோது ராத்திரி ஒன்றரை மணி. நூல்காரி அக்கா சொன்னபடி ‘கண்டுபிடித்தேன்’ என்று எங்கேயும் எழுதவில்லை, கவனித்தீர்களா?

ஒரு சந்தேகம். பக்கம் 45 செ.மீ. என்று வைத்தால் செங்கல் வரிசை 20, நேர் வரிசை 16. அரை வட்டம் தள்ளின இடம் வீணாகாமல் சரியாக உட்கார்ந்துவிடுகிறது. 50-ல் மறுபடி தோற்கிறது, 55-ல் ஜெயிக்கிறது. இப்படி மாறி மாறிப் போகிறது, அதனால்தான் பத்தின் மடங்கு என்று போட்டுக்கொண்டேன். இது ஏமாற்று வேலையா? ஆக மொத்தம் 80-க்கு மேல் செங்கல் வரிசைதான் சிறந்தது என்று முதலாளியிடம் சொல்லிவிட்டேன்.

---

காட்பாடி பாசஞ்சர் எழுதியது:

ஏமாற்று வேலை இல்லை, தரவைச் சுருக்கிக்கொண்டு அதற்குள் நிரூபிப்பது எங்கள் தினப்படி பிழைப்பு. நிரூபணம் சரி. இரண்டு தடவை படித்தேன், ஓட்டை இல்லை.

அதோடு உங்களுக்கே தெரியாமல் அதிகமாக நிரூபித்துவிட்டீர்கள். 80-க்கு மேல் பத்தின் மடங்கு என்ற கட்டுப்பாடே வேண்டாம். பக்கம் 80-லிருந்து 83, 87 என்று நகர்ந்தால் நேர் வரிசை 64-லேயே நிற்கும், 90 வந்தால்தான் ஏறும். செங்கல் வரிசையோ ஷீட் பெரிதாவதால் குறையப் போவதில்லை. ஆகவே 80-ம் அதற்கு மேலும் எந்த அளவானாலும் செங்கல்தான். இந்த ஒரு வரியைச் சேர்த்துவிடுங்கள்.

ஆனால் கடைசி வாக்கியத்தில் மறுபடி பழைய இடத்துக்கே போய்விட்டீர்கள். ‘சிறந்தது’ என்று எழுதியிருக்கிறீர்கள். எதைவிட? நேர் வரிசையைவிட, அவ்வளவுதான் நிரூபித்தது. வேறு எந்தக் கோணல் அடுக்கையும்விட என்று நீங்கள் காட்டவில்லை, காட்டுவது ரொம்பக் கஷ்டம். சதுரத்துக்குள் 1, 4, 9, 16, 25, 36 வட்டம் வரைக்கும் நேர் வரிசையை யாராலும் மிஞ்ச முடியாது. 49-ல் அது உடைகிறது. 49 வட்டங்களை 70 செ.மீ.யைவிட மயிரிழை சின்னச் சதுரத்திலேயே அடக்கலாம் என்று பின்லாந்தில் இருவர் கம்ப்யூட்டர் வைத்துத் தேடி 1997-ல் காட்டினார்கள். நேர் வரிசையும் இல்லை, செங்கலும் இல்லை.

அந்த ஒரு பக்கத்தை வேலூர்ப் பேராசிரியரிடம் கொண்டு போங்கள். ‘அன்றைக்குப் பவுண்டரி என்றீர்கள், அதைப் பார்த்தேன், இவ்வளவு வந்தது’ என்று மட்டும் சொல்லுங்கள்.

---

ஓட்டேரி தென்றல் எழுதியது:

சரி சரி, யூடியூப் வாபஸ். ஆனா போகும்போது அந்தக் கட்பீஸையும் எடுத்துட்டுப் போங்கண்ணா, கையில பொருள் இருந்தா பேச்சு நல்லா வரும்.

---

கேஸ்கட்காரன் எழுதியது:

வரும் சனிக்கிழமை மதியம் ஷிஃப்ட் இல்லை, போகிறேன். ‘சிறந்தது’ என்பதை அடித்துவிட்டு ‘நேர் வரிசையைவிட அதிகம்’ என்று மாற்றிவிட்டேன். முதலாளியிடம் இன்னும் மாற்றிச் சொல்லவில்லை.

நேற்றிலிருந்து வேறு வேலை ஓடவில்லை. 49 பழைய வாஷரைப் பொறுக்கி எடுத்து, 70 செ.மீ.க்குச் சட்டம் அடித்து உள்ளே தள்ளித் தள்ளிப் பார்க்கிறேன். நேர் வரிசையைக் கலைத்தால் 47-க்கு மேல் உட்கார மாட்டேன் என்கிறது. அந்த 1997 அடுக்கின் படம் யாரிடமாவது இருந்தால் இப்போதைக்குப் போடாதீர்கள், இன்னும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்த்துவிடுகிறேன்.